பெலிண்டாபா: பேச்சு முடிந்த இடம்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகருக்கு மேற்கே, ஹார்ட்பீஸ்போர்ட் அணைக்குப் போகும் வழியில், குன்றுகளுக்கு நடுவே பெலிண்டாபா என்றோர் இடம் இருக்கிறது. ஜூலு மொழியில் ‘இண்டாபா’ என்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் பேச்சு, நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. ‘பேலா’ என்றால் முடிதல். பேச்சு முடிந்தது என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு வளாகம், வலிண்டாபா. ‘வாலா’ என்றால் மூடுதல். இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்ற தொனி அந்தப் பெயரில் இருக்கிறது. முதல் இடத்தில் அணு உலை. இரண்டாம் இடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை.

இந்த இரண்டு வளாகங்களிலிருந்து கிளம்பிய வேலை ஆறு அணுகுண்டுகளில் போய் நின்றது. ஏழாவது பாதியில் கைவிடப்பட்டது. பிறகு, குண்டுகளைச் செய்தவர்களே அவற்றைப் பிரித்து, உருக்கி, எடை போட்டுக் கணக்கெழுதி வைத்தார்கள். இன்று உலகில் ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதம் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது தங்கள் மண்ணில் தங்கிவிட்ட குண்டுகளை உக்ரைனும் பெலாரஸும் கஜகஸ்தானும் ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டன. ஆனால், தானே செய்த குண்டுகளைத் தானே அழித்த நாடு தென்னாப்பிரிக்கா ஒன்றுதான். பொது அறிவுப் புத்தகங்களில் இது ஒரு வரிச் செய்தியாக வந்து போகும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலும் கணக்கும்தான் என்னை ஈர்க்கின்றன. குண்டுகளைப் பிரிக்க ஓராண்டு போதுமானதாக இருந்தது. ‘எங்களிடம் இனி ஒன்றுமில்லை’ என்று உலகம் நம்பும்படி காட்டுவதற்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது. அணு ஆயுத ஒழிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கதை தங்கத்தில் தொடங்குகிறது. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறைகளில் தங்கத்தோடு யுரேனியமும் கலந்து கிடக்கிறது. தங்கத்தை எடுத்தபின் மிஞ்சும் சக்கையைச் சுரங்கக்காரர்கள் மலைமலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவும் பிரிட்டனும் யுரேனியம் தேடி உலகைச் சலித்தபோது அந்தச் சக்கைக்கும் விலை வந்தது. 1952-ல் முதல் யுரேனிய ஆலை இயங்கத் தொடங்கியது. அந்த வாணிபத்தின் வழியே நட்பு வளர்ந்தது. அமெரிக்கா தன் ‘அமைதிக்கு அணு’ திட்டத்தில் கொடுத்த சஃபாரி-1 என்ற ஆராய்ச்சி உலை 1965-ல் பெலிண்டாபாவில் இயங்கத் தொடங்கியது. பாறையை வெட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். அந்த யுரேனியத்தால் பின்னாளில் செய்யப்பட்ட குண்டு எந்த ஆட்சியைக் காக்க வந்ததோ, அந்த ஆட்சியில் அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது.

யுரேனியம் இருந்தால் மட்டும் குண்டு செய்துவிட முடியாது. மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழுதான் யுரேனியம்-235. எளிதில் பிளந்து, நியூட்ரான்களை வெளிவிட்டு, அடுத்தடுத்த அணுக்களையும் பிளக்கவைப்பது இந்த ஏழுதான். மிச்சமெல்லாம் யுரேனியம்-238. குண்டுக்கு வேண்டுமென்றால் அந்த ஏழை மற்றவற்றிலிருந்து பிரித்தாக வேண்டும். இரண்டும் ஒரே தனிமம் என்பதால் அமிலம், காரம், உப்பு எதுவும் உதவாது. எடையில் மட்டும் துளி வித்தியாசம் உண்டு. ஃபுளோரினோடு சேர்த்து யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயுவாக மாற்றினால், இலேசான மூலக்கூறின் எடை 349, கனமானதின் எடை 352. நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை.

அரிசியில் கல் என்றால் முறத்தில் போட்டுக் கொழித்தால் ஒதுங்கிவிடும். இங்கே பிரிக்க வேண்டியவை கிட்டத்தட்ட ஒரே எடையுள்ள இரண்டு தானியங்கள். ஒரு தடவை கொழித்தால் பிரிந்ததற்கு அடையாளமே தெரியாது. கொழித்ததை அடுத்த முறத்தில் போட்டு, அதை அதற்கடுத்ததில் போட்டு, ஒதுங்கியதைப் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். செறிவூட்டல் ஆலை என்பது இப்படி வரிசையாக அடுக்கப்பட்ட முறங்களின் கூட்டம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் அணுக்களை எடுத்துக்கொள்வோம். அதில் நமக்கு வேண்டியவை ஏழு. மின்நிலைய எரிபொருளுக்குத் தேவைப்படும் 4 சதவீதச் செறிவை எட்ட, ஏழு அணுக்கள் 175-ல் இருக்க வேண்டும். அதாவது 825 வேண்டாத அணுக்களை ஒதுக்கியாக வேண்டும். அங்கிருந்து குண்டுக்குரிய 90 சதவீதத்துக்கு இன்னும் எத்தனையை ஒதுக்க வேண்டும்? சுமார் 167-ஐத்தான். இடையில் வீணாகிறதைச் சேர்க்காத தோராயக் கணக்கு இது. ஆனாலும் உண்மை நிலையைக் காட்டிவிடுகிறது. மின்சாரத்துக்கான செறிவை எட்டிய நாடு, குண்டுக்கான உழைப்பில் பெரும்பகுதியை முடித்துவிட்ட நாடு. எந்த நாடு செறிவூட்டல் ஆலை கட்டினாலும் மற்ற நாடுகள் பதறுவது இதனால்தான்.

1970 ஜூலை 20 அன்று, பிரதமர் ஜான் வோர்ஸ்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, தங்கள் விஞ்ஞானிகள் செறிவூட்டலுக்குப் புது வழி கண்டுவிட்டார்கள் என்று அறிவித்தார். அமைதிப் பணிகளுக்கே என்றும் சொன்னார். அந்த முறையைச் சுழல்குழாய் முறை என்று சொல்லலாம். யுரேனிய வாயுவை ஹைட்ரஜனோடு கலந்து, சின்னஞ்சிறு குழாயின் உள்சுவரை ஒட்டினாற்போல் அசுர வேகத்தில் பாய்ச்சுவார்கள். குழாய் அசையாது, வாயு மட்டும் உள்ளே சுழலும். கனமான மூலக்கூறுகள் சுவரோரம் ஒதுங்க, இலேசானவை நடுவே தங்கும். சுழலும் எந்திர பாகம் இல்லாததால் செய்வது எளிது. ஆனால் மின்சாரத்தை அளவில்லாமல் குடிக்கும். நிலக்கரி மலிவாகக் கிடைத்த நாட்டுக்கு அது கட்டுப்படியானது.

வலிண்டாபாவில் எழுந்த முதல் ஆலைக்கு ‘ஒய் ஆலை’ என்று பெயர். 1978 ஜனவரியில் அதிலிருந்து உயர்செறிவு யுரேனியம் முதன்முறையாக வெளியே வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆலைக்குள் விபரீதம். துணைக்குப் போன ஹைட்ரஜன் யுரேனிய வாயுவோடு வினைபுரிந்துவிட்டது. ஆலை நின்று, மறுபடி குண்டுத்தரச் சரக்கு கிடைக்க 1981 ஆகிவிட்டது. உலக அரசியலையே உலுக்கக்கூடிய ஒரு திட்டத்தை இரண்டு வருடம் முடக்கிப்போட எந்த உளவுப் படையும் தேவைப்படவில்லை.

குண்டின் வடிவம் மிகப் பழையது. ஹிரோஷிமாவில் விழுந்ததன் சாயல். துப்பாக்கி வகை என்பார்கள். செறிவூட்டிய யுரேனியத்தை இரண்டு துண்டுகளாக வைத்திருப்பார்கள். தனித்தனியாக இருக்கும்வரை நியூட்ரான்கள் பக்கவாட்டில் தப்பிப் போய்விடும், தொடர்வினை மூளாது. தடித்த எஃகுக் குழலுக்குள் ஒரு துண்டை வெடிமருந்தால் சுட்டு மற்றதோடு மோதச் செய்தால், இரண்டும் சேர்ந்த கணத்தில் மாறுநிலை எடையைத் தாண்டிவிடும். பிறகு நடப்பதெல்லாம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக் கணக்கில் நடக்கும். ஹிரோஷிமா குண்டில் இருந்த சுமார் 64 கிலோ யுரேனியத்தில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதுவே ஒரு நகரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

1945-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அமெரிக்கா சோதித்தது புளூட்டோனியக் குண்டை. துப்பாக்கி வகை யுரேனியக் குண்டைச் சோதிக்கவே இல்லை. நேரே ஹிரோஷிமாவுக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு நிச்சயமாக வேலை செய்யும் அமைப்பு அது. இதன் பொருளை நாம் சரியாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். போதுமான உயர்செறிவு யுரேனியம் கையில் கிடைத்தால், சோதனை வெடிப்பு எதுவும் நடத்தாமலே ஒரு நாடு குண்டு வைத்திருக்க முடியும். பூமியதிர்வுமானிகளும் செயற்கைக்கோள்களும் இதைக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் அணு ஆயுதக் கண்காணிப்பு என்பது கடைசியில் யுரேனியத்தைக் கிலோ கிலோவாக எண்ணுகிற வேலையாக முடிகிறது.

ஆனாலும் தென்னாப்பிரிக்கர்கள் சோதிக்க நினைத்தார்கள். 1974 மே மாதம் இந்தியா பொக்ரானில் வெடித்து அதை அமைதிக்கான வெடிப்பு என்று சொன்னது. அந்த ஆண்டே வோர்ஸ்டர் அணு வெடிகலம் செய்யவும் சோதனைக் களம் அமைக்கவும் ஒப்புதல் கொடுத்தார். சுரங்கம் வெட்டவும் மண் அகழவும் அணு வெடிப்பைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு அப்போது பல நாடுகளில் நடந்ததால், அதுவே இந்தத் திட்டத்துக்கும் முகமூடியாக அமைந்தது. கலஹாரிப் பாலைவனத்தில், உப்பிங்டன் என்ற ஊருக்கு அப்பால், வாஸ்ட்ராப் என்ற இடத்தில் 385 மீட்டரும் 216 மீட்டரும் ஆழமான இரண்டு குழிகளைத் தோண்டினார்கள். யுரேனியம் இன்னும் தயாராகவில்லை. 1977 ஆகஸ்டில் யுரேனியம் இல்லாத வெற்று வெடிகலத்தை இறக்கி ஒத்திகை பார்ப்பதாக இருந்தார்கள். அதற்குள் சோவியத் செயற்கைக்கோளின் கண்ணில் களம் பட்டுவிட்டது. மாஸ்கோ வாஷிங்டனிடம் சொல்ல, வாஷிங்டனும் தன் படங்களில் சரிபார்த்துக்கொள்ள, பனிப்போரின் எதிரிகள் இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள். கருவிகளை ஏற்றிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். குழிகள் அப்படியே கிடந்தன.

பிறகு பி.டபிள்யூ. போத்தா ஆட்சிக்கு வந்தார். குண்டு செய்யும் பொறுப்பு அணுசக்தி வாரியத்தின் கையிலிருந்து ஆர்ம்ஸ்கோர் என்ற அரசு ஆயுத நிறுவனத்துக்கு மாறியது. பிரிட்டோரியாவுக்கு மேற்கே, ராணுவ வாகனங்களை ஓட்டிச் சோதிக்கும் பாதைகளுக்கு நடுவே, வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் கட்டடம் ஒன்றில் வேலை நடந்தது. ஒவ்வொரு குண்டிலும் சுமார் 55 கிலோ உயர்செறிவு யுரேனியம். நீளம் 1.8 மீட்டர், குறுக்களவு 65 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய ஒரு டன். முன்பாதியும் பின்பாதியும் வேறு வேறு பெட்டக அறைகளில் இருக்கும். திறக்கப் பலருடைய சங்கேத எண்கள் சேர வேண்டும். மொத்தத் திட்டத்திலும் ஈடுபட்டவர்கள் சுமார் ஆயிரம் பேர். செலவு 70 முதல் 80 கோடி ராண்ட் வரை ஆனதாகப் பின்னாளில் அரசு சொன்னது. ஓர் அணு ஆயுதக் களஞ்சியத்துக்கு இவ்வளவு ஆட்களும் இவ்வளவு பணமும் போதும் என்பதே பயமுறுத்துகிறது.

எதற்காக இந்தக் குண்டுகள்? அங்கோலாவில் கியூபப் படைகள் இறங்கியிருந்தன. அண்டை நாடுகள் விடுதலை பெற்று நிறவெறி அரசுக்கு எதிராக நின்றன. ஐ.நா. ஆயுதத் தடை விதித்திருந்தது. ஆட்சியாளர்கள் மூன்று படிகளில் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். முதலில், குண்டு இருப்பதாகவும் சொல்ல வேண்டாம், இல்லையென்றும் சொல்ல வேண்டாம். நெருக்கடி வந்தால் அமெரிக்கா போன்ற வல்லரசுகளின் காதில் மட்டும் போட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் வெளிப்படையாகச் சோதித்துக் காட்ட வேண்டும். குண்டு எதிரியின் தலையில் போட அல்ல, மேற்கு நாடுகளைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் என்று பின்னாளில் விளக்கினார்கள். இந்த விளக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. மிரட்டலுக்கு மட்டுமே என்று வைத்திருந்தாலும், நெருக்கடி முற்றிய ஓர் இரவில் அதை யார் எப்படிக் கையாண்டிருப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் அங்கோலாப் போர் கடுமையானபோது வாஸ்ட்ராப் குழி ஒன்றின்மேல் கொட்டகை போட்டு, உள்ளே தேங்கிய நீரை இறைத்துப் பார்த்தார்கள் என்பது நடந்த கதை.

1979 செப்டம்பர் 22 அதிகாலையில் தென் அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் சந்திக்கும் பகுதியில், அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் ஓர் இரட்டை மின்னலைக் கண்டது. அணு வெடிப்பின் ஒளி இரண்டு முறை துடிக்கும். முதல் பளிச்சை அதிர்வலையே மறைத்து, அது விரிந்து குளிர்ந்தபின் இரண்டாம் ஒளி வெளிப்படும். அது யாருடைய வெடிப்பு, வெடிப்புதானா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. இங்கே அதற்குள் நான் போகப்போவதில்லை.

1988 டிசம்பரில் கியூபப் படைகள் திரும்பவும் நமீபியா விடுதலை பெறவும் ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு பெர்லின் சுவர் விழுந்தது. எஃப்.டபிள்யூ. டி கிளர்க் அதிபரானார். கனிம, எரிசக்தித் துறை அமைச்சராக இருந்த காலத்திலேயே அவருக்கு இந்த ரகசியம் தெரியும். 1990 பிப்ரவரியின் நாட்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். 1-ம் தேதி ஒய் ஆலை நிறுத்தப்பட்டது. 2-ம் தேதி ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்குவதாக டி கிளர்க் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 11-ம் தேதி நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே நடந்து வந்தார். 26-ம் தேதி குண்டுகளைப் பிரிக்கும் எழுத்துபூர்வ உத்தரவு பிறந்தது. உலகம் மண்டேலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. குண்டு விஷயம் யாருக்கும் தெரியாது.

ஏன் பிரித்தார்கள்? அச்சுறுத்தல் போய்விட்டது, குண்டு வைத்திருந்தால் உலகத்தோடு ஒட்ட முடியாது என்பது அதிகாரபூர்வமான விடை. அதில் உண்மை உண்டு. கறுப்பினப் பெரும்பான்மையின் அரசு கையில் இந்த ஆயுதம் போய்விடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் கலந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நிறவெறி அரசின் அணுத் திட்டத்தை வெளிநாடுகளில் இருபது ஆண்டுகள் அம்பலப்படுத்தி வந்தவர்கள் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள்தான். அப்துல் மிண்டி அவர்களில் முக்கியமானவர். விடுதலைக்குப் பிறகு அவரே தென்னாப்பிரிக்காவின் ஆயுதப் பரவல் தடைக் கொள்கையை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். குண்டு அவர்கள் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அச்சப்பட்டவர்கள், அவர்களுடைய வரலாற்றைப் படிக்கவில்லை.

1990 ஜூலையில் பிரிப்பு வேலை தொடங்கியது. நடப்பதைக் கண்காணித்து அதிபருக்கு நேரடியாகச் சொல்ல வைனண்ட் மௌட்டன் என்ற இயற்பியல் பேராசிரியர் தணிக்கையாளராக நியமிக்கப்பட்டார். ஒவ்வொரு குண்டாகக் கழற்றி, யுரேனியத்தை உருக்கி வேறு வடிவில் வார்த்து, எடை போட்டு, அணுசக்திக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். குழல்களையும் மற்ற பாகங்களையும் சிதைத்தார்கள். 1991 ஜூலை 10 அன்று தென்னாப்பிரிக்கா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அப்போதும் குண்டு இருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. செறிவூட்டிய யுரேனியம் இவ்வளவு இருக்கிறது என்று கணக்கு மட்டும் கொடுத்தார்கள். 1991 நவம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வந்து இறங்கினார்கள்.

அந்த ஆய்வாளர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டில்தான் ஈராக்கில், தாங்கள் வருடக்கணக்கில் சோதித்துவந்த வளாகத்தின் பக்கத்துக் கட்டடங்களிலேயே ரகசிய அணுத் திட்டம் நடந்ததைக் கண்டு முகமை திகைத்திருந்தது. இனி, கொடுத்த கணக்கு சரியா என்று மட்டும் பார்த்தால் போதாது. கொடுக்காமல் மறைத்தது ஏதும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் கொடியது. இருப்பதைக் காட்டிவிடலாம், இல்லாததை எப்படிக் காட்டுவது?

வழியை யுரேனியமே கொடுத்தது. செறிவூட்டல் ஆலையில் யுரேனியம்-235 உருவாவதுமில்லை, அழிவதுமில்லை. உள்ளே போன அத்தனையும் மூன்று இடங்களில்தான் இருக்க முடியும்: செறிவூட்டிய சரக்கில், ஒதுக்கிய கழிவு யுரேனியத்தில், அல்லது ஆலையிலேயே ஒட்டியும் சிந்தியும் போனதில். ஆயிரம் மூட்டை நெல் அரைக்க வந்தால் அரிசி, தவிடு, உமி மூன்றும் சேர்ந்து அந்த எடைக்கு வந்தாக வேண்டும் என்பது போல. ஒதுக்கிய யுரேனியத்தில் 235 எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தால், எவ்வளவு பிரித்தெடுத்திருப்பார்கள் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம்.

சொல்ல எளிது. உதாரணத்துக்கு, ஒதுக்கிய யுரேனியம் 100 டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் 235-ன் பங்கு 0.30 சதவீதமா, 0.35 சதவீதமா என்பதில் தவறு நேர்ந்தால், கணக்கில் 50 கிலோ யுரேனியம்-235 இடிக்கும். அது ஒரு முழுக் குண்டு. இரண்டாவது தசம இடத்தில் ஒரு பிழை, ஒரு நகரத்தின் அழிவுக்குச் சமம். முதல் சுற்றுக் கணக்கில் தென்னாப்பிரிக்கக் கணக்கும் பொருந்தவில்லை. எங்கேயோ யுரேனியம் குறைகிற மாதிரி தெரிந்தது. ஆய்வாளர்கள் ஒய் ஆலையின் அன்றாட இயக்கக் குறிப்பேடுகளைக் கேட்டார்கள். ஆலை தொடங்கிய நாள் முதல் மூடிய நாள் வரை, எந்த நாளில் எவ்வளவு உள்ளே விட்டார்கள், எந்த நாளில் நின்றது, எந்தச் செறிவில் வெளியே எடுத்தார்கள் என்று ஆயிரக்கணக்கான ஏடுகள். அவற்றை உட்கார்ந்து படித்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டார்கள். நாளுக்கு நாள் கூட்டிக் கழித்தபின், விபரீதத்தால் ஆலை நின்ற மாதங்கள் உட்பட எல்லாம் சேர்ந்து கணக்கு நேரானது. பல ஆண்டுகளுக்கு முன் இரவுப் பணியில் ஏதோ ஓர் ஆலை ஊழியர் குறித்துவைத்த எண்கள், ஒரு நாட்டின் வாக்குக்குச் சாட்சியாக வந்து நின்றன.

1993 மார்ச் 24 அன்று டி கிளர்க் நாடாளுமன்றத்தில் உண்மையைச் சொன்னார். ஆறு குண்டுகள் செய்தோம், பிரித்துவிட்டோம் என்றார். அதன்பின் அணு ஆயுத நிபுணர்களையும் சேர்த்துக்கொண்டு முகமை மறுபடி வந்தது. குண்டுகளிலிருந்து திரும்பிய யுரேனியம் முன்பு அறிவித்த இருப்போடு பொருந்துகிறதா என்று பார்த்தது. எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அரசு கதவைத் திறந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் முகமையின் முன்னிலையில் வாஸ்ட்ராப் குழிகள் மணலாலும் கான்கிரீட்டாலும் அடைக்கப்பட்டன. பேரழிவு ஆயுதங்களைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. டி கிளர்க்கின் உரைக்கு முன்பே, குண்டு தொடர்பான ஏறத்தாழ 12,000 தொழில்நுட்ப ஆவணங்களை அழித்துவிட்டார்கள். குண்டு செய்யும் விதம் வேறு கைகளுக்குப் போகக் கூடாது என்பது காரணம். வரைபடங்களை எரித்தது சரிதான். ஆனால் அழிவு நடந்தபோது வெளியார் யாரும் அருகில் இல்லை. அதனால்தான் முகமை யுரேனியக் கணக்கின் மீதே மொத்தப் பாரத்தையும் வைக்க வேண்டியிருந்தது. முடிவெடுத்தவர்கள் யார், எந்தக் கூட்டத்தில் எந்தக் காரணம் சொன்னார்கள் என்று அறியும் உரிமை தென்னாப்பிரிக்க மக்களுக்கு இருந்தது. தொழில்நுட்பத்தோடு அந்த வரலாற்றிலும் ஒரு பகுதி புகையாகிப் போயிருக்கும் என்றே அஞ்சுகிறேன். நாளை வேறொரு நாடு குண்டுகளைக் கைவிட முன்வந்தால், முதலில் ஆய்வாளரைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு சுத்தியலை எடுக்க வேண்டும்.

குண்டை விட்டவர்களின் பேச்சுக்கு ஒரு கனம் சேர்ந்தது. 1995-ல் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரம்பின்றி நீட்டிக்கும் மாநாட்டில் தென்னாப்பிரிக்கா முன்னின்று இணக்கம் தேடியது. மறு ஆண்டு ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும் அணு ஆயுதமற்ற பகுதியாக்கும் ஒப்பந்தம் கெய்ரோவில் கையெழுத்துக்கு வந்தது. அதற்குப் பெலிண்டாபா ஒப்பந்தம் என்றே பெயரிட்டார்கள். 2009 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அணு ஆயுதங்களையே சட்டவிரோதமாக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தையும் 2019-ல் தென்னாப்பிரிக்கா ஏற்றது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு, குண்டைக் கைவிட்டவன் ஏமாளி என்ற பேச்சு வலுத்திருக்கிறது. உக்ரைன் மண்ணில் இருந்த ஏவுகணைகளின் ஏவு கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது என்பதை அப்படிப் பேசுகிறவர்கள் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் மீது அதன்பின் யாரும் படையெடுக்கவில்லை என்பதையும் சொல்வதில்லை.

யுரேனியம் என்ன ஆனது? அது பெலிண்டாபாவிலேயே இருக்கிறது. சுமார் 220 கிலோ மிச்சம் என்று வெளிநாட்டு நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். முகமையின் கண்காணிப்பில், பூட்டிய பெட்டக அறைகளில். 2007 நவம்பரில் ஒரு நள்ளிரவு, ஆயுதம் தாங்கிய ஆட்கள் மின்வேலியைத் தாண்டி அந்த வளாகத்துக்குள் புகுந்து, அவசரக் கட்டுப்பாட்டு அறைவரை போய், ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தப்பினார்கள். யுரேனியத்தை நெருங்கவில்லை. அந்தச் செய்தி வந்தபோது உலகெங்கும் அணு பாதுகாப்பு வல்லுநர்களுக்குத் தூக்கம் போயிற்று. யுரேனியத்தின் செறிவைக் குறைத்து உலை எரிபொருளாக்கிவிடுங்கள் என்று அமெரிக்கா பல முறை வற்புறுத்தியும், எங்கள் சொத்து எங்களிடமே இருக்கட்டும் என்று தென்னாப்பிரிக்கா சொல்லிவிட்டது. பெரிய வல்லரசுகள் டன் கணக்கில் வைத்துக்கொண்டு எங்களை மட்டும் கேட்பதா என்ற அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பெட்டக அறை காலியாக இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன்.

அந்த யுரேனியத்தில் ஒரு பகுதிக்கு வேறு வழி கிடைத்தது. சஃபாரி-1 உலையில் அதைச் சிறு தகடுகளாக வைத்து நியூட்ரான்களால் பிளந்தார்கள். நூறு அணுக்கள் பிளந்தால் ஏறக்குறைய ஆறில் மாலிப்டினம்-99 கிடைக்கும். அது சிதைந்து டெக்னீசியம் ஆகும். இதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா, புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று மருத்துவமனைகளில் பார்ப்பது அதை வைத்துத்தான். குண்டுக்குள் நடந்திருக்க வேண்டிய அதே பிளவு, உலைக்குள் நிதானமாக நடந்தது. பின்னர் அந்த உலையையும் மருந்துத் தயாரிப்பையும் குண்டுக்கு உதவாத குறைசெறிவு யுரேனியத்துக்கு மாற்றி, அதிலும் தென்னாப்பிரிக்கா உலகுக்கு முன்னோடியானது. மாலிப்டினத்தில் பாதி 66 மணி நேரத்தில் சிதைந்துவிடும் என்பதால், தயாரானதும் ஈயப் பெட்டிகளில் அடைத்து அவசர அவசரமாக விமானம் ஏற்றுகிறார்கள். அதே வளாகத்தின் பெட்டக அறையில் இருக்கும் யுரேனியம்-235 பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டுகள் ஆகும். ஆய்வாளர்கள் இன்றும் வந்து முத்திரைகளைச் சரிபார்த்து, எடை பார்த்து, எழுதிக்கொண்டு போகிறார்கள்.